மவுன கோபுரம் கட்டிய மேதை

நாயின் முன்னால் ஒரு துண்டு இறைச்சியைக் காட்டுங்கள். அதன் வாயில் எச்சில் ஊறும். சொட்டுச் சொட்டாக வடியும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

ஒரு மனிதர் மட்டும் ஆச்சரியப்பட்டார். அந்த எச்சிலைச் சொட்டுச் சொட்டாக எண்ணினார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணினார். எண்ணும்போது நாயின் காதில் வேறு எந்தச் சத்தமும் விழக்கூடாது என்பதற்காக ஒரு கட்டிடமே எழுப்பினார். அந்தக் கட்டிடத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார்!

அவர்தான் இவான் பாவ்லோவ். ருஷிய நாட்டின் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி.

பாதிரியார் மகன்

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ரியாசான் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. அங்கே 1849-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ந் தேதி பாவ்லோவ் பிறந்தார். தந்தை பியோத்தர் பாவ்லோவ் கிறிஸ்தவப் பாதிரியார். தாயார் வர்வாரா. பெரிய குடும்பம். இவான்தான் மூத்த பிள்ளை.

சுமார் எட்டு வயதில் சிறுவன் இவான் உயரத்திலிருந்து கல் தரையில் விழுந்தான். பலமான அடி. உடம்பு தேறுவதற்கு வெகு காலம் ஆயிற்று. அதனால் பதினோரு வயதில்தான் பள்ளிக்கூடம் போனான். மகனும் தம்மைப் போல் பாதிரியார் ஆக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மதப் பள்ளியில் சேர்த்தார்.

பையன் படித்த புத்தகங்கள் வேறு. மூளையின் செயலைப் பற்றி செச்செனோவ் என்னும் ருஷிய விஞ்ஞானி எழுதிய நூல் அவன் கையில் கிடைத்தது. பாதிரியார் படிப்பு பாதியில் நின்றது. 1870-ல் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போய் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். (அந்த ஊருக்குப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1914-ல் பெத்ரோகிராட் ஆயிற்று. 1924-ல் லெனின்கிராட் ஆயிற்று. 1991-ல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது.) பிறகு மருத்துவமும் படித்துத் தேறினார்.

ஒற்றைச் செருப்பு

1881-ம் ஆண்டு பாவ்லோவுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் செராபிமா. ஆசிரியை வேலைக்குப் படித்தவர்.

திருமணத்துக்கு முன்பு நடந்ததாக ஒரு வேடிக்கை சொல்வார்கள். செராபிமா வெளியூருக்குப் புறப்பட்டார். அவருக்குப் பாவ்லோவ் புதிய செருப்பு வாங்கிக் கொடுத்தார். ஊர் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தால் ஒரு செருப்புதான் இருந்தது! மற்றொன்றை, அவர் நினைவாக, பாவ்லோவ் தம் மேஜை மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாராம். கால் நடப்பதற்கு இரண்டு செருப்பு வேண்டும் என்பது மேதைக்குத் தோன்றவில்லை.

கல்யாணம் ஆகியும் தனிக்குடித்தனம் நடத்தப் பணம் இல்லை. மனைவி உறவினர் வீட்டில் தங்கினார். பாவ்லோவ் தம் தம்பி திமித்ரியின் ஜாகையில் ஒட்டிக்கொண்டார். தம்பி, புகழ் பெற்ற ரசாயன மேதை மெந்தலேயேவிடம் உதவியாளராக இருந்தவர். தம்பதிக்குப் பிறந்த ஆண் குழந்தை ஒன்று சின்ன வயதிலேயே இறந்து போயிற்று.

இவருடைய வறுமையைப் பார்த்த மாணவர்கள், சொற்பொழிவுக்குச் சன்மானம் என்று ஒரு சாக்குச் சொல்லிப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்குப் பாவ்லோவ் ஆராய்ச்சிக்கு நாய்கள் வாங்கினார் என்பார்கள். செராபிமா அந்த வீட்டை எப்படி நடத்தினாரோ!

இரண்டு ஆண்டு ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த பிறகும் நல்ல வேலை உடனே கிடைக்கவில்லை. 1890-ல்தான் ராணுவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு, புதிதாக ஏற்பட்ட பரிசோதனை மருத்துவ நிலையத்தில் ஒரு பகுதி அவர் பொறுப்பில் வந்தது.

வலி தெரிந்தால் உண்மை தெரியாது

வயிறு எப்படி வேலை செய்கிறது? இதுதான் அவர் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி.

அதுவரை விஞ்ஞானிகள் மிருகத்தை மயக்கிக் கிடத்தி, வயிற்றைக் கிழித்து, அவசரம் அவசரமாகப் பார்ப்பார்கள். சிறிது நேரத்தில் அது செத்துப்போகும். பாவ்லோவுக்கு இது பிடிக்கவில்லை. ரத்தம் சிந்திக்கொண்டு, மயக்க மருந்தில் கிடக்கும் மிருகத்தின் வயிறு, நல்ல மிருகத்தின் வயிறு போல வேலை செய்யுமா? தாம் பார்ப்பது வயிற்றின் வேலையா, காயத்தின் விளைவா? இரண்டும் கலந்துவிட்டால் எதை எதிலிருந்து பிரிப்பது?

ஆகவே புது வழி கண்டார். மனிதர்களுக்குச் செய்வது போலவே சுத்தமான அறையில் நாய்களுக்கு ஆபரேஷன் செய்தார். உள்ளே சுரக்கும் நீர் குழாய் வழியாக வெளியே வரும்படி அமைத்தார். புண் ஆறி, நாய் எழுந்து ஓடியாடித் திரிந்த பிறகுதான் சோதனையை ஆரம்பித்தார். ஒரே நாயை ஆண்டுக்கணக்கில் வைத்துச் சோதிக்க முடிந்தது.

ஒரு சோதனையில் நாய் ஆசையாக இறைச்சி தின்னும். ஆனால் விழுங்கியது வயிற்றுக்குப் போகாமல் கழுத்திலுள்ள துவாரம் வழியாக வெளியே விழுந்துவிடும். அப்படியும் சுமார் ஐந்து நிமிடத்தில் வயிற்றில் ஜீரண நீர் சுரந்தது! வயிற்றுக்கு உணவு வந்து சேருமுன்பே நரம்புகள் தகவல் கொடுத்துவிட்டன என்று இதிலிருந்து தெரிந்தது. இப்படிக் கிடைத்த ஜீரண நீரைப் புட்டிகளில் அடைத்து, அஜீரணக்காரர்களுக்கு மருந்தாகவும் விற்றார்கள். ஆராய்ச்சிக்கு அது நல்ல வருமானம்.

இந்த ஜீரண ஆராய்ச்சிக்காகத்தான் 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு பெற்ற முதல் ருஷியர் அவரே. எச்சில் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பரிசு என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

நாய்களுக்கு இதெல்லாம் துன்பம் இல்லையா என்று கேட்கலாம். துன்பம்தான். இன்று இப்படிச் செய்ய எளிதில் அனுமதி கிடைக்காது.

காலடி ஓசை

வயிற்றை ஆராயும்போதே ஒரு தொந்தரவு எழுந்தது. உணவு வாயில் பட்டதும் எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று அளக்க வேண்டும். நாய்களோ அதற்கு முன்பே எச்சில் வடித்தன. உணவு கொண்டு வரும் ஆளைக் கண்டால் வடித்தன. அவன் காலடி ஓசை கேட்டாலே வடித்தன. வெறும் தட்டைப் பார்த்தாலும் வடித்தன. கணக்கெல்லாம் கெட்டது.

வேறொருவராக இருந்தால் எரிச்சல் பட்டிருப்பார். அந்த ஆளை மாற்றிவிட்டு ஜீரண ஆராய்ச்சியைத் தொடர்ந்திருப்பார். பாவ்லோவ் அந்தத் தொந்தரவையே ஆராய்ச்சி ஆக்கிக்கொண்டார். மீதி வாழ்நாள் முழுவதையும் அதற்கே கொடுத்தார்.

நாய் ஏன் எச்சில் வடிக்கிறது? உணவு வரும் என்று அது நினைக்கிறது, ஆசைப்படுகிறது என்று முதலில் உதவியாளர்கள் சொன்னார்கள். நாயின் நினைப்பை யார் பார்த்தார்கள் என்று பாவ்லோவ் கேட்டார். நாய் நினைத்தது, நாய் விரும்பியது என்றெல்லாம் ஆராய்ச்சிசாலையில் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார். மீறினால் அபராதம்! கண்ணால் பார்க்க முடிந்தது எச்சில். எண்ண முடிந்தது சொட்டு. அதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

சோதனை இதுதான். டக், டக் என்று ஒரே சீராக அடிக்கும் தாளக் கருவி ஒன்றை ஒலிக்கச் செய்வார்கள். உடனே உணவு கொடுப்பார்கள். பல முறை இப்படிச் செய்த பிறகு, உணவு கொடுக்காமல் கருவியை மட்டும் ஒலிக்கச் செய்வார்கள். நாய் எச்சில் வடிக்கும்! இப்படிப் பழக்கத்தால் வரும் செயலுக்கு நிபந்தனை அனிச்சைச் செயல் என்று பெயர் வைத்தார். மணி அடித்தார், மணி அடித்தார் என்று ஊரெல்லாம் சொல்கிறது. அவர் அதிகமாகப் பயன்படுத்தியவை தாளக் கருவி, விளக்கு, தோலைத் தொடும் கருவி போன்றவை.

யார் கண் சிமிட்டியது?

கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

நாய் தாளக் கருவியைக் கேட்டுத்தான் எச்சில் வடித்தது என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? கருவியை முடுக்கும்போது உதவியாளரின் கை அசைந்திருக்கும். தட்டு லேசாகச் சத்தம் போட்டிருக்கும். அடுத்த அறையில் கதவு சாத்தப்பட்டிருக்கும். ஜன்னலில் நிழல் விழுந்திருக்கும். நாய்க்கு மூக்கும் காதும் நம்மைவிடக் கூர்மை. நமக்குத் தெரியாமல் அது எதைக் கவனித்ததோ!

நிமிஷத்துக்கு 100 முறை அடிக்கும் தாளத்தையும் 96 முறை அடிக்கும் தாளத்தையும் பாவ்லோவின் நாய்கள் பிரித்து அறிந்தன. நம்மில் எத்தனை பேரால் முடியும்? அப்படிப்பட்ட பிராணியின் முன்னால் நின்றுகொண்டு, நான் சும்மாதான் நின்றேன் என்று சொல்ல முடியுமா?

ஒரு சங்கடம் அடிக்கடி நடந்தது. உதவியாளர் ஒருவர் பல வாரம் பாடுபட்டு நாயைப் பழக்குவார். சோதனை நன்றாக வரும். பெருமையோடு பாவ்லோவை அழைத்து வந்து காட்டுவார். நாய் ஒரு சொட்டுகூட வடிக்காது! உதவியாளர் முகம் தொங்கிப்போகும். காரணத்தைப் பாவ்லோவே கண்டுபிடித்தார். நாய் புது ஆளைப் பார்க்கிறது. முகர்கிறது. யார் இவர் என்று கவனிப்பதில் மற்றதெல்லாம் அடங்கிவிடுகிறது. சோதனையைக் கெடுத்தது வேறு எதுவும் இல்லை, பாவ்லோவ்தான்!

புது ஆளை வெளியே நிறுத்திவிடலாம். பழக்கிய ஆளை என்ன செய்வது? அவரும் மூச்சு விடுகிறார். கண் சிமிட்டுகிறார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நிற்கிறார். இவை ஒவ்வொன்றும் நாய்க்கு ஒரு செய்தி என்று பாவ்லோவ் தெரிந்துகொண்டார்.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று பெரிய பேச்சாக இருந்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். கேட்கிறவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது என்று 1907-ல் வெட்டவெளிச்சம் ஆயிற்று. சரியான எண் வந்ததும் கேட்கிறவரின் தலை தம்மை அறியாமல் லேசாக அசையும். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். ஏமாற்றியவர் யாரும் இல்லை. எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் ஏமாந்தார்கள்.

மவுன கோபுரம்

வேண்டாத காரணங்களை ஒவ்வொன்றாக விரட்டிக்கொண்டிருந்தால் முடிவே இல்லை. அவை நுழையவே முடியாத ஓர் இடம் வேண்டும். பாவ்லோவ் அப்படி ஓர் இடத்தைக் கட்ட முடிவு செய்தார்.

பணம்? லெதென்த்சோவ் என்னும் வணிகர் விட்டுச் சென்ற சொத்தைக் கொண்டு மாஸ்கோவில் விஞ்ஞான உதவிச் சங்கம் ஒன்று நடந்து வந்தது. அது கை கொடுத்தது. 1910-க்குப் பிறகு கட்டிடம் எழுந்தது.

தெருவில் வண்டி போனால் தரை அதிரும். அந்த அதிர்ச்சி கட்டிடத்துக்கு வராமல் தடுக்கச் சுற்றிலும் பள்ளம் வெட்டினார்கள். உத்திரங்களைத் தாங்கும் இடத்தில் மணலைப் போட்டு அதில் பதித்தார்கள். மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் சோதனை அறைகள். நடுவில் ஒரு தளம், ஓசை கடக்காமல் இருப்பதற்கு. ஒரு தளத்துக்கு நான்கு அறைகள். பக்கத்துப் பக்கத்தில் அல்ல. அறைக்கும் அறைக்கும் நடுவில் நடைபாதை விட்டார்கள்.

ஒவ்வொரு அறையையும் சத்தம் புகாத தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் நாய். மறு பக்கம் மனிதர். நாய் மனிதரைப் பார்க்க முடியாது. மனிதர் மட்டும் கருவி வழியாக நாயைப் பார்க்கலாம். விளக்கு ஏற்றுவது, ஓசை எழுப்புவது, உணவுத் தட்டைத் திருப்புவது எல்லாம் மின்சாரத்தாலும் காற்றுக் குழாயாலும் தூரத்திலிருந்தே நடந்தன. எச்சிலும் குழாய் வழியே வந்து மனிதர் பக்கத்தில் அளவு காட்டியது.

மவுன கோபுரம் என்று அதற்குப் பெயர் வந்தது. நாயின் எச்சிலை எண்ண இவ்வளவு ஆடம்பரமா என்று கேலி செய்ய வேண்டாம். ஒரே ஒரு காரணத்தை மட்டும் மாற்று, மற்றது எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது இன்று மனோதத்துவப் பரிசோதனையில் பால பாடம். அந்தப் பாடத்தைச் செங்கல்லும் மணலும் வைத்துக் கட்டிக் காட்டியவர் பாவ்லோவ்.

பஞ்ச காலம்

கோபுரம் முழுதாக முடிவதற்குள் 1914-ல் உலகப் போர் வந்தது. 1917-ல் புரட்சி வந்தது. தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்த நாட்களிலும் பாவ்லோவ் குறித்த நேரத்தில் ஆராய்ச்சிசாலைக்கு வந்துவிடுவார். தாமதமாக வந்த உதவியாளர் தெருச் சண்டையைக் காரணம் காட்டினார். அடுத்த புரட்சிக்குச் சீக்கிரமாக வீட்டை விட்டுக் கிளம்பும்படி அவருக்குப் பதில் கிடைத்ததாம்.

பிறகு பஞ்சம். மனிதர்களுக்கே ரொட்டி இல்லை. நாய்கள் மெலிந்து செத்தன. அறையில் கணப்பு இல்லை. நோபல் பரிசு பெற்றவர், எழுபது வயதில், நிலையத்துத் தோட்டத்தில் மண்ணைக் கொத்தித் தம் குடும்பத்துக்குக் காய்கறி பயிரிட்டார். நாட்டை விட்டே போய்விடலாமா என்று எண்ணினார். 1921-ம் ஆண்டு ஜனவரி மாதம் லெனின் ஒரு தனி உத்தரவில் கையெழுத்திட்டார். பாவ்லோவின் ஆராய்ச்சிக்கு வேண்டிய வசதிகள் எல்லாம் செய்து கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

அதற்காகப் பாவ்லோவ் அரசாங்கத்துக்குத் துதி பாடவில்லை. பாதிரியார்களின் பிள்ளைகளை ராணுவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியேற்றினார்கள். தாமும் பாதிரியார் மகன்தான் என்று சொல்லி அவர் தம் பேராசிரியர் பதவியை ராஜிநாமா செய்துவிட்டார். மந்திரிகளுக்குக் கண்டித்துக் கடிதங்கள் எழுதினார். அந்த நாட்டில் அந்த நாளில் வேறு யார் எழுதியிருந்தாலும் தலை தப்பியிருக்காது.

வெள்ளம்

1924-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி லெனின்கிராட் நகரில் பெரு வெள்ளம். நேவா நதி ஊருக்குள் புகுந்தது. நாய்க் கொட்டடியில் தண்ணீர் ஏறியது. கூண்டுக்குள் நாய்கள் மூக்கை மேலே நீட்டிக்கொண்டு நீந்தின. கூண்டின் கதவோ தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. ஆட்கள் நாய்களைத் தண்ணீரில் அமுக்கி, கதவு வழியாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள்.

நாய்கள் பிழைத்தன. ஆனால் சில நாய்களுக்குப் பழக்கிய பாடமெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு நாய் தாளக் கருவியைக் கேட்டால் எச்சில் வடிப்பதற்குப் பதில் தவித்தது. நோய் ஒன்றும் இல்லை. பிறகு அந்த நாய்க்குத் தெரிந்த உதவியாளர் அதன் அறையிலேயே கூட உட்கார்ந்தார். பாடம் திரும்பியது. அவர் எழுந்து போனால் மறுபடியும் போயிற்று. எந்த மனிதரை அறைக்கு வெளியே தள்ளுவதற்காகக் கோபுரம் கட்டினார்களோ, அந்த மனிதரே இப்போது மருந்து ஆனார்!

நாள் ஆக ஆக நாய் தேறியது. அப்போது சோதனையாக, அறைக் கதவின் அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். தரையில் அந்த ஈரத்தைக் கண்டதும் நாய் பழையபடி நடுங்கியது. இந்த நாய்களைப் பார்த்த பிறகு பாவ்லோவ் மனிதர்களின் மனநோய்களைப் பற்றியும் ஆழமாக ஆராயத் தொடங்கினார்.

எலி கற்றதா, ஆள் கற்றாரா?

இவ்வளவு எச்சரிக்கையான பாவ்லோவும் ஒரு முறை சறுக்கினார். அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமை ஆகாது.

அவருடைய ஆராய்ச்சிசாலையில் சுண்டெலிகளுக்கு மணி ஓசை கேட்டால் உணவுக்கு ஓடி வரும்படி பழக்கினார்கள். முதல் தலைமுறை எலிகளுக்கு 300 முறை சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றின் குட்டிகளுக்கு 100 முறை போதும். அடுத்த தலைமுறைக்கு 30. அதற்கு அடுத்தது 10. பிறகு 5! தாய் தந்தை கற்றது பிள்ளைக்கு ரத்தத்திலேயே வருகிறது என்றல்லவா இதற்கு அர்த்தம்? 1923-ல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன பாவ்லோவ் அங்கே இதைச் சொன்னார். உலகம் வாயைப் பிளந்தது. (அந்தப் பயணத்தில் அமெரிக்காவில் ரெயிலில் வைத்துத் திருடர்கள் அவரிடமிருந்த பணத்தையும் பறித்துக்கொண்டார்கள்.)

ஊர் திரும்பியதும் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கச் சொன்னார். அந்த எண்கள் வரவில்லை. மறுபடியும் பார்த்தார்கள். வரவில்லை. எலிகள் தலைமுறைக்குத் தலைமுறை கெட்டிக்காரத்தனம் அடையவில்லை. சோதனை செய்த ஆள்தான் எலிகளைப் பழக்குவதில் நாளுக்கு நாள் கைதேர்ந்துவிட்டார்! 300 முறையில் செய்ததை 5 முறையில் செய்யக் கற்றவர் அவரே.

பாவ்லோவ் மூடி மறைக்கவில்லை. 1929-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உலக உடலியல் விஞ்ஞானிகள் மகாநாடு கூடியது. அப்போது அவருக்கு எண்பது வயது ஆகப் போகிறது. எலி விஷயத்தில் உண்மை இதுதான் என்று அங்கே விளக்கினார். உலகம் போற்றும் மேதை, தாம் சொன்னது தவறு என்று தம் வாயாலேயே சொல்வது லேசான காரியம் அல்ல. நோபல் பரிசைவிட இதைத்தான் பெரிதாக மதிக்கத் தோன்றுகிறது.

கடைசி நாட்கள்

எண்பது வயதுக்கு மேலும் அவர் ஓயவில்லை. லெனின்கிராடுக்குப் பக்கத்தில் கோல்துஷி என்னும் கிராமத்தில் அவருக்காக அரசாங்கம் பெரிய ஆராய்ச்சி நிலையம் அமைத்துக் கொடுத்தது. கோடைக் காலத்தில் கட்டையை வீசி, அடுக்கி வைத்த மரத் துண்டுகளைச் சிதற அடிக்கும் கொரோத்கி என்ற கிராமத்து விளையாட்டை இளைஞர்களோடு போட்டி போட்டு ஆடுவார். தோற்றவர்களைக் கேலி செய்வார்.

1935-ல் உலக விஞ்ஞானிகள் லெனின்கிராடிலேயே கூடினார்கள். தலைமை வகித்தவர் பாவ்லோவ். அதே ஆண்டில் பரிசோதனை மருத்துவ நிலையத்தின் தோட்டத்தில் ஒரு சிலை எழுந்தது. அவருக்கு அல்ல. நாய்க்கு! பாவ்லோவின் விருப்பப்படி, விஞ்ஞானத்துக்காக உயிர் விட்ட நாய்களின் நினைவாக வைத்த சிலை அது.

அந்த ஆண்டிலேயே அவருடைய மகன் விசேவோலோத் இறந்து போனார். சில மாதங்களில் பாவ்லோவும் நிமோனியா காய்ச்சலில் படுத்தார். 1936-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி காலமானார். வயது 86. லெனின்கிராடில் வோல்கோவோ இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். செராபிமா அவருக்குப் பின் பல ஆண்டு உயிரோடு இருந்து, தம் கணவரைப் பற்றிய நினைவுகளை எழுதி வைத்தார்.